சாமந்தி பங்களாவில் கத்தரீனா

கத்தரீனா அக்காவை நான் முதன்முதலில் கண்ட அன்று அவருடைய விரல்கள் மடங்க மறுத்தன. கொக்குவிலில், கனடாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீட்டில் எங்கள் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அக்கா வாசற்படியில் செருப்பு வாரைக் கழற்ற முடியாமல் குனிந்து நின்றார். கூட வந்த உதயகலா முழங்காலில் இருந்து அதைக் கழற்றிவிட்டார். கொழும்புத்துறைப் பக்கத்தில் உள்ள ஒரு நண்டுக் கொம்பனியில் இருவருக்கும் வேலை. அவித்த நண்டை ஐசுக்கு மேல் வைத்துச் சதையைக் கிள்ளியெடுத்துத் தகரத்தில் அடைக்கவேண்டும். எட்டு மணித்தியாலம் அப்படி நின்றால் விரலுக்கு உணர்ச்சி திரும்ப ஒரு மணித்தியாலமாவது பிடிக்கும் என்று உதயகலா எங்களுக்கு விளக்கினார். அக்கா சுவரோடு சாய்ந்து, நாங்கள் என்ன சொல்லப்போகிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் மேடையேற்ற இருந்தது 'சாமந்தி பங்களா'. என் வயதுக்காரருக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். எண்பதுகளின் தொடக்கத்தில் மதராசில் எடுத்த இரத்தக்காட்டேரிப் படம். அங்கே மூன்று நாள்கூட ஓடவில்லையாம். ஆனால் அதன் வீடியோக் கொப்பி ஒன்று எப்படியோ யாழ்ப்பாணத்துக்கு வந்து, மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் இங்கேயே தங்கிவிட்டது. எந்த வீட்டில் ஜெனறேற்றர் பிடித்துப் படம் போட்டாலும் மூன்று படத்தில் ஒன்று அதுவாகத்தான் இருக்கும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பங்களா. அதில் செத்து நூறு வருசமான சீமாட்டி. தங்க வருகிறவர்களின் கழுத்தில் வாய் வைப்பாள். கடைசியில் ஒரு டொக்டரில் ஆசைப்பட்டு வெயிலுக்குள் இறங்கிச் சாம்பலாவாள். கதை அவ்வளவுதான். படத்தை எடுத்தவர்கள் அவசரக்காரர்கள். நூறு வருசத்துக்கு முன் செத்தவளின் கையில் மணிக்கூடு கட்டியிருக்கும். சவப்பெட்டிக்குள் படுத்திருக்கும்போது நடிகை ஒருதரம் தும்முவார். இவற்றைப் பார்க்கத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் போனோம். மணிக்கூடு தெரிகிற இடத்தில் முற்றத்தில் இருக்கும் எல்லாரும் ஒரே குரலில் "மணிக்கூடு" என்று கத்துவோம். ஷெல் சத்தம் கிட்டக் கேட்டால் ரிவியை நிற்பாட்டிவிட்டு, தூரப் போனதும் விட்ட இடத்திலிருந்து போடுவோம்.

அதைப் பாட்டு நாடகமாகப் போடவேண்டும் என்பது ஜெயரூபனின் யோசனை. ஜெயரூபன் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறார். நான் தபால் கந்தோரில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலிருந்து நாங்கள் இருவரும் கூட்டு. படத்தில் ஒரேயொரு பாட்டு. எங்கள் நாடகத்தில் பதினான்கு. பதினொன்று நான் எழுதியவை. கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கும் கோபிசங்கர் மெட்டுப் போட்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சீமாட்டியாக நடிக்க இருந்த சங்கீத ரீச்சருக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பகுதி நாடகத்தை விடச் சொன்னது. மேடையேற்றத்துக்கு ஏழு கிழமைதான் இருந்தது. அப்போதுதான் உதயகலா, எங்களுக்கு உடுப்புத் தைத்துத் தருகிறவர், ஒரு செத்தவீட்டில் கத்தரீனா அக்கா பாடக் கேட்டதாகச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா ஒரு தேவாலயப் பாட்டில் இரண்டு அடி பாடினார். கனமான கீழ்க்குரல். எங்கேயும் நடுங்கவில்லை. பாடும்போது முகத்தில் உதடுகளைத் தவிர வேறொன்றும் அசையவில்லை. கோபிசங்கர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஜெயரூபன் கேட்டார். பன்னிரண்டு வயதில் பக்கத்து வீட்டு முற்றத்தில் பார்க்கப் போனதாகவும் பாதிக்கு முன்னரே நித்திரையாகிவிட்டதாகவும் அக்கா சொன்னார். முடிவு தெரியாது. ஜெயரூபன் முடிவைச் சொன்னார். அக்கா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்பது. ஆறரைக்குப் பிறகு கொழும்புத்துறைக்குப் பஸ் பிடிப்பது கரைச்சல்.

அக்காவுக்கு நடிப்பு வரவில்லை. முதல் இரண்டு கிழமையும் ஜெயரூபன் தனக்குத் தெரிந்த எல்லாப் பயிற்சியும் செய்வித்துப் பார்த்தார். இந்த இடத்தில் பசி வரவேண்டும், இந்த இடத்தில் ஆசை, இந்த இடத்தில் கோபம் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். பிறகு அதே முகத்தோடு நின்று பாடினார். மூன்றாம் கிழமை ஜெயரூபன் தோற்றுப்போய்த் திட்டத்தை மாற்றினார். சீமாட்டி அசையத் தேவையில்லை, மற்றவர்கள் அவளைச் சுற்றி அசையட்டும் என்றார். அப்படிச் செய்ததும் எங்களுக்கே அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. டொக்டராக நடித்த நிருஷன் வங்கியில் வேலை செய்கிற நல்ல திடகாத்திரமான ஆள். அக்கா வேலையிலிருந்து நேரே வந்த ஒருநாள், காதற் பாட்டில் அவர் கையைப் பிடித்தவர் அந்தக் குளிரில் வரியை மறந்துவிட்டார். இரத்தத்துக்கு நாங்கள் றோஸ் சிறப்போடு பீற்றூட் சாறு கலந்து வைத்திருந்தோம். அக்கா அதைக் குடித்துப் பார்த்து, இனிப்புக் கூடிப்போனதாக மட்டும் சொன்னார்.

அவருடைய கதையைப் பகுதி பகுதியாகத்தான் அறிந்தேன். கூடுதலாக உதயகலா சொன்னது. கத்தரீனா அக்காவின் கணவர் ஜெறோம் கடற்றொழிலாளி. 2012ஆம் ஆண்டு ஆவணி மாதம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் படகில் இடம் கிடைத்திருக்கிறது என்று புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மனைவியிடம் சொன்னார். படகு சிலாபம் பக்கத்துக் கரையொன்றிலிருந்து போனது. கொழும்புத்துறையிலும் அதை அண்டிய இடங்களிலும் இருந்து இன்னும் நான்கு பேர் அதே படகில். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து, ஆட்களை ஏற்றிய முகவரின் ஆள் ஒருவர் தொலைபேசியில் படகு கடலில் மூழ்கிப்போனதாகச் சொல்லிப் பெயர்களை வாசித்தார். அதில் ஜெறோமின் பெயரும் இருந்தது. உடல் ஒன்றும் கரைக்கு வரவில்லை.

அப்போது மகள் ஜெனிற்றாவுக்கு எட்டு வயது. அக்கா நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போனார். அங்கே நகை போட விடமாட்டார்கள். தாலியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தவர், பிறகு எடுத்துப் போடவும் இல்லை, வேறெதுவும் செய்யவும் இல்லை. கிராமசேவகர் கந்தோரில் படிவம் நிரப்பும்போது கணவர் என்ற இடத்தில் 'தொடர்பு இல்லை' என்று எழுதினார்கள். ஒவ்வொரு ஆவணியிலும் ஐந்து வீட்டாரும் சேர்ந்து பூசை ஒன்று ஒப்புக்கொடுப்பார்கள். ஆன்ம இளைப்பாற்றிக்கா, நலமாகத் திரும்பி வருவதற்கா என்று சுவாமியார் முதல் வருசம் கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதன்பின் அவரும் கேட்பதில்லை.

அக்கா எதற்காக நாடகத்துக்கு ஒத்துக்கொண்டார் என்று நான் ஒருமுறை கேட்டேன். உதயகலா கேட்டதால் வந்ததாகச் சொன்னார். வீட்டில் மகள் ரியூசன், வேலை என்று ஓடுவதால் பின்னேரத்தில் தான் சும்மா இருப்பதாகவும் சொன்னார். பேய் வேசம் போடுகிறார் என்று கோவிலில் சிலர் முறைப்பாடு செய்ய, சுவாமியார் அவரை அழைத்து, நாடகம் முடியும்வரை பாடகர் குழுவில் நிற்கவேண்டாம் என்று பண்பாகச் சொன்னார். அக்கா அடுத்த ஞாயிறு கோவிலில் கடைசி வாங்கில் போய் இருந்தார்.

வைகாசி கடைசிச் சனிக்கிழமை, நகரத்து மண்டபம் ஒன்றில் பின்னேரம் ஆறு மணிக்கு முதல் மேடையேற்றம். சனம் நிரம்பி வழிந்தது. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். திரை விலகியதும் படத்து வசனங்களை எங்களுக்கு முன்னரே சொல்லத் தொடங்கினார்கள். சவப்பெட்டிக் காட்சியில் மண்டபம் முழுவதும் தும்மியது. அக்காவின் கையில் ஜெயரூபன் வேண்டுமென்றே ஒரு மணிக்கூடு கட்டிவிட்டிருந்தார். ஆனால் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று அக்காவிடம் சொல்ல எல்லாருமே மறந்துவிட்டோம். அக்கா படியிறங்கி வந்து கையை உயர்த்தினார். அறுநூறு பேர் ஒன்றாக "மணிக்கூடு" என்று கத்தினார்கள்.

அக்கா பாட்டை நிறுத்தினார். கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஆறே முக்கால்" என்றார். பிறகு விட்ட வரியிலிருந்து பாடினார்.

சனம் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு பாட்டும் ஒருவருக்கும் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் நாங்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா உள்ளே வந்து, நேரம் கேட்டார்கள், சொன்னேன், பிழையா என்று கேட்டார். யாரோ அதைப் போனில் எடுத்துப் போட, அடுத்தநாள் மத்தியானத்துக்குள் அந்த ஐம்பது செக்கன் வீடியோ உலகம் முழுக்கப் போய்விட்டது. பாரிசில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் பகிர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அதனால் அடுத்த சனிக்கிழமை மூன்றாவதாக ஒரு காட்சி போடத் தீர்மானித்தோம்.

கொம்பனியில் காலையில் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கையில் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை அக்கா போனை எடுத்துப் பார்க்க, தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து ஐந்து அழைப்பு. யாராவது நாடகத்துக்கு ரிக்கற் கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து மதிலோரம் நின்று திருப்பி எடுத்தார். நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் ஜெறோம்" என்றது அந்தக் குரல்.

"எந்த ஜெறோம்?"

"கத்தரீனா, நான்தான்."

அக்காவுக்குக் குரல் பிடிபட்டது. அவர் கையில் சோற்றுப் பெட்டி இருந்தது. அதை மதிலில் வைத்தார்.

"எங்கை நிக்கிறியள்?"

"சிலாபத்துக்குக் கிட்ட. உன்ரை வீடியோ பாத்தனான். நண்டு ஏத்துற லொறிக்காரர் ஒராளிட்டை நம்பர் எடுத்தனான்."

"மற்ற ஆக்கள்?"

"தெரியாது. நான் போகேல்லை. கரையிலை இறங்கிட்டன்."

அதற்குப் பிறகு ஜெறோம் நிறையச் சொல்லியிருக்கிறார். வெட்கத்தில் திரும்பி வர முடியவில்லை என்றும், ஒரு மீன் வாடியில் வேலைக்கு நின்றதாகவும், அங்கேயே ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கிவிட்டதாகவும், இரண்டு பிள்ளைகள் என்றும். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே மணி அடித்தது.

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது. வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார். ஐந்து மணிவரை நண்டு கிள்ளினார். அன்றைக்கும் வழக்கமான நிறைதான் வந்தது என்று உதயகலா சொன்னார். பக்கத்து மேசையில் நின்ற தனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று அவர் பிறகு பலதடவை சொல்லி வருத்தப்பட்டார். சோற்றுப் பெட்டி மதிலிலேயே கிடந்து காகம் கொத்தியிருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா மகளிடம் சொன்னார். ஜெனிற்றாவுக்கு இப்போது இருபத்தொரு வயது. அவள் கையிலிருந்த புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள். பிறகு அழுதாள். அவர் செத்துப்போய்விட்டார் என்றே தனக்கு இருக்கட்டும், அந்த ஆளின் குரலைத் தன் காதில் விழ விடவேண்டாம் என்றாள். அக்கா புத்தகத்தை எடுத்துத் தாள்களை நிமிர்த்தி மேசையில் வைத்தார். மகள் அழுதது அவருக்கு நல்லதாகப் பட்டதாம். தனக்கும் அப்படி ஏதாவது வரும் என்று படுக்கையில் காத்திருந்து, வராமல் நித்திரையாகிவிட்டதாகச் சொன்னார்.

ஜெறோம் திரும்பத் திரும்ப எடுத்தார். ஒருமுறை நேரில் காணவேண்டும் என்றார். கொழும்புத்துறைக்கு வரவேண்டாம், சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொக்குவில் ஸ்ரேசனுக்கு வரச் சொல்லி அக்கா ஒத்துக்கொண்டார். கொக்குவிலில் ஜெறோமைத் தெரிந்தவர்கள் இல்லை. தபால் கந்தோரில் என்னிடம் வந்து, சனிக்கிழமை ஒரு ஆம்பிளை ஆள் கூட நின்றால் நல்லது என்றார். எதற்கென்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். முத்திரை ஒட்டிக்கொண்டிருந்த நான் ஒட்டியதன் மேலேயே இன்னொன்றை ஒட்டிவிட்டேன். ஏலுமென்றால் வாங்கோ, ஏலாவிட்டால் பரவாயில்லை என்றார் அக்கா.

நான் போனேன். அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஸ்ரேசன் மேடையில் ஆட்கள் குறைவு. ஜெறோம் ஓட்டோவில் வந்து இறங்கினார். தலைக்கு மை பூசி, தொந்தி வைத்து, கட்டம் போட்ட சேட் போட்ட ஒரு சாதாரண மனிதர். கையில் வறுத்த கஜுப் பைக்கற் ஒன்று. வாங்கில் அக்காவுக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு இருந்தார். பைக்கற்றை அந்த இடத்தில் வைத்தார். நான் இரண்டு தூண் தள்ளி நின்றேன். பேச்சு எல்லாம் கேட்டது.

படகு புறப்பட்ட அன்று விடியற்காலை கரையில் வரிசையாக நிற்க வைத்துத் தங்களை ஏற்றியதை ஜெறோம் சொன்னார். தானும் ஏறியதாகச் சொன்னார். பத்து வயதிலிருந்து கடலுக்குப் போனவர். படகில் கால் வைத்து, எஞ்சினை முறுக்கியதும் அந்தச் சத்தத்திலேயே அது போய்ச் சேராது என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். வயிற்றைக் கலக்குவதாகச் சொல்லி இறங்கி, தாழம்பற்றைக்குள் போய் இருந்தார். படகு புறப்பட்டுப் போனதைப் பற்றைக்குள் இருந்து பார்த்தார்.

அதுவரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பினார்.

"மற்ற ஆக்களுக்குச் சொன்னனீங்களோ?"

ஜெறோம் பைக்கற்றின் ஓரத்தை மடித்தார்.

"எஞ்சின் சரியில்லையெண்டு சொன்னனீங்களோ?"

"சொல்லேல்லை. சொன்னா அவங்கள் என்னை அடிச்சுப்போட்டிருப்பாங்கள். எனக்குப் பயமாக் கிடந்தது, கத்தரீனா."

அக்கா கத்துவார் அல்லது எழும்பிப் போவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஜெறோமும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார், கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அருமைநாயகி அக்காவிட்டைப் போவம்" என்றார் கத்தரீனா அக்கா.

அருமைநாயகி என்பவர் அந்தப் படகில் போன றெஜினோல்ட்டின் தாய். எழுபது வயது. கணவர் இல்லை. பிள்ளை ஏதோ ஒரு தீவில் சிறையில் இருக்கிறான் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று வருசமாக எல்லாக் கந்தோருக்கும் கடிதம் போடுகிறவர். அவற்றில் சிலவற்றை நானே பதிவுத் தபாலில் எடுத்திருக்கிறேன்.

ஜெறோம் தன்னால் முடியாது என்றார். அக்காவின் காலைப் பிடிப்பதுபோலக் குனிந்தார். ஊரவர்கள் கண்டால் உயிரோடு விடமாட்டார்கள் என்றார்.

"நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அக்கா. "எனக்கு ஒண்டும் வேண்டாம். அவவின்ரை பெடியன் அந்தப் படகிலை ஏறினதைக் கண்ட ஆள் நீங்கள் ஒராள்தான். வந்து சொல்லிப்போட்டுப் போங்கோ."

அதைச் சொல்லும்போதும் அவருடைய குரல் ஏறவில்லை. பஸ் நேரம் விசாரிப்பது போலத்தான் சொன்னார். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல ஜெறோமால் முடியாமல் போனது என்று நினைக்கிறேன். மூவரும் ஓட்டோவில் ஏறினோம். கஜுப் பைக்கற் வாங்கிலேயே கிடந்தது. நான் திரும்பிப் போய் எடுத்து வந்தேன், ஏன் என்று தெரியாது.

அருமைநாயகி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்ததும் ஆளை அடையாளம் கண்டுவிட்டார். கத்தியை வைத்து, கையைக் கழுவி, பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். ஜெறோம் அதில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். றெஜினோல்ட் ஏறியதைத் தான் கண்டதாகவும், படகு கரையை விட்டுப் போனதைத் தான் பார்த்ததாகவும் சொன்னார்.

"அவன் எங்கை இருந்தவன்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

"பின்னுக்கு. எஞ்சின் பக்கம்."

"அங்கை சூடா இருக்குமே."

"ஓம்."

"சாப்பிட்டவனோ?"

"பாணும் சம்பலும் சாப்பிட்டவன். எனக்கும் பிச்சுத் தந்தவன்."

அருமைநாயகி அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். ஜெறோம் அத்தோடு நிறுத்தப் பார்த்தார். கத்தரீனா அக்கா அவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஜெறோம் எஞ்சினைப் பற்றியும் சொன்னார். தனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. வேலியடியில் போய் நின்று அழுதார்.

அந்தத் தாய் வெகுநேரம் மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலையான் மொய்த்தது. அவர் விரட்டவில்லை.

"கத்தரீனா, உவரைக் கூட்டிக்கொண்டு போ" என்றார் கடைசியில். பிறகு, "நீ பின்னேரம் நாடகத்துக்குப் போகவேணுமெல்லே? விட்டிட்டு வா. சோறு காய்ச்சுறன்" என்றார்.

சந்தியில் ஜெறோமை இன்னொரு ஓட்டோவில் ஏற்றினோம். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஜெனிற்றாவைப் பற்றியாக இருக்கலாம். ஓட்டோ வெளிக்கிட்டுவிட்டது. அக்கா அருமைநாயகி வீட்டுக்குத் திரும்பிப் போனார். அன்றைக்கு அவர் எங்கள் மண்டபத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தார். உதயகலா முகத்துக்கு வெள்ளை பூசும்போது, மற்ற மூன்று வீட்டுக்கும் அருமைநாயகியும் தானும் போய்ச் சொல்லிவிட்டு வந்ததாக அக்கா சொன்னார். உதயகலா கண்மையைக் கோணலாக இழுத்துவிட்டார். திரும்பப் பூச வேண்டியிருந்தது.

அக்காவுக்காகக் காத்திருந்ததால் மூன்றாம் காட்சி பிந்தித் தொடங்கியது. ஜெயரூபனுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். காட்சியை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்டார். எதற்கு என்று அக்கா கேட்டார். மணிக்கூட்டு இடம் வந்தது. இப்போது மண்டபத்தில் இருந்த எல்லாரும் வீடியோவைப் பார்த்தவர்கள். மணிக்கூடு என்று கத்திவிட்டு, அவர் வாயால் வரப்போகிற அந்த நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். அக்கா கையைத் திருப்பிப் பார்த்தார். "ஏழு பத்து" என்றார். முதல்நாளை விடச் சனம் கூடச் சிரித்தது. கடைசிக் காட்சியில் சீமாட்டி வெயிலுக்குள் இறங்கும்போது மேலிருந்து நாங்கள் சாம்பல் கொட்டினோம். அது அவருடைய கண்ணுக்குள் விழுந்தது. முகத்தைத் துடைக்காமல் பாட்டை முடித்தார்.

ஊருக்குக் கதை பரவ இரண்டு நாள் செல்லவில்லை. ஆட்கள் அக்காவின் வீட்டுக்கு வந்து போனார்கள். பொலிசில் கொடு என்றார்கள் சிலர். கூப்பிட்டுச் சேர்ந்து இரு, பொம்பிளைப் பிள்ளை இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். அக்கா எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். ஜெறோம் இரண்டு தரம் மகளுக்கு எடுத்தார். ஜெனிற்றா அந்த இலக்கத்தை அடைத்துவிட்டாள். பிறகு அவர் எடுக்கவில்லை. அவருடைய சிலாபத்து மனைவிக்கு இதெல்லாம் தெரியுமா என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு என்ன வயது இருக்கும் என்று அக்கா ஒருநாள் கேட்டார். கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

அருமைநாயகி கடிதம் போடுவதை விட்டார். ஆவணி வரும்வரை காத்திருக்காமல் நான்கு வீட்டாரும் ஆனி மாதத்திலேயே பூசைக்குக் கொடுத்தார்கள். இந்தமுறை ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று அவர்களே எழுதினார்கள். இங்கே நாடகக் காட்சிகள் முடிந்துவிட்டன என்று சொல்லி, பாட வரும்படி சுவாமியார் கத்தரீனா அக்காவை வீட்டுக்கே வந்து கேட்டார். நானும் உதயகலாவும் பூசைக்குப் போயிருந்தோம். பீடத்துக்கு முன்னால் நான்கு படங்கள் வைத்திருந்தார்கள். நற்கருணை கொடுத்து முடிந்து பாடும்போது அக்கா இரண்டாவது அடியின் நடுவில் நின்றுவிட்டார். ஓர்கன் வாசித்தவர் அந்த அடியைத் திரும்ப வாசித்தார். அக்கா தொடங்கவில்லை. மூன்றாம் தரம் வாசித்தபோது முன்வாங்கிலிருந்து அருமைநாயகி உடைந்த குரலில் அந்த அடியைத் தொடங்க, அக்கா சேர்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் என்ன நடந்தது என்று உதயகலா கேட்டார்.

"சொல் மறந்துபோச்சுது" என்றார் அக்கா. அவருடைய மேலுதடு வேர்த்திருந்தது.

அடுத்த கிழமை எங்களுக்குக் கிளிநொச்சியில் காட்சி இருந்தது. வான் கொழும்புத்துறைக்குப் போய் அக்காவையும் ஜெனிற்றாவையும் ஏற்றியது. ஜெனிற்றா நாடகத்தை அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. சாவகச்சேரி தாண்டுவதற்குள் அக்கா உடுப்பு மூட்டையில் தலை வைத்து வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். கோபிசங்கர் பாட்டுப் போட்டார். நிருஷன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். ஆனையிறவில் உப்பளக் காற்று அடிக்க, ஜெனிற்றா எழும்பிப் போய்த் தாயின் பக்கத்து யன்னலை இழுத்துச் சாத்தினாள்.